காலாவதி தேதி அச்சிடாத பெட்டி

2025 மே 7-ஆம் தேதி அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. ஒரு பட்டியலை வெளியிட்டது. ஆட்களின் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை, எல்லாம் ரவுட்டர்கள். லிங்க்சிஸ் இ1200, இ2500, இ4200, டபிள்யூ.ஆர்.டி.310என் என்று ஒரு டஜனுக்கும் மேற்பட்ட மாடல்கள். பெரும்பாலானவை 2010-ஐ ஒட்டிக் கடைக்கு வந்தவை. இவற்றுக்குத் தயாரிப்பாளரின் ஆதரவு முடிந்துவிட்டது, இனித் திருத்தம் எதுவும் வராது, மாற்றிவிடுங்கள். முடியாதென்றால் வெளியிலிருந்து இயக்கும் வசதியையாவது அணைத்துவிட்டு ஒருமுறை ரீபூட் செய்யுங்கள் என்பதுதான் சேதி.

இரண்டு நாளில் காரணமும் வெளியே வந்தது. ஓக்லஹோமா கோர்ட்டில் ரஷ்யர்கள் மூவர் மீதும் கஜகஸ்தான்காரர் ஒருவர் மீதும் குற்றப்பத்திரிகை. எனிபிராக்ஸி, ஃபைவ்சாக்ஸ் என்ற இரண்டு இணையதளங்களை அவர்கள் நடத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. அங்கே விற்ற சரக்கு, இப்படிப்பட்ட பழைய ரவுட்டர்களைப் பிடித்துச் சேர்த்த ஊரார் வீட்டு இணைய முகவரிகள். மாத வாடகை 9.95 டாலரில் ஆரம்பித்து 110 டாலர் வரை. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட முகவரிகள் கைவசம் உண்டு, 2004 முதல் இந்தத் தொழிலில் இருக்கிறோம் என்று விளம்பரம் வேறு. இதில் 4.6 கோடி டாலருக்கு மேல் அவர்கள் பார்த்திருப்பார்கள் என்பது அமெரிக்க நீதித்துறையின் கணக்கு.

அந்த முகவரியை எவன் வாடகைக்கு எடுக்கிறான்? எங்கோ உட்கார்ந்துகொண்டு இன்னொருவரின் வங்கிக் கணக்கில் நுழையப் பார்க்கிறவன். ரஷ்யாவிலிருந்தோ நைஜீரியாவிலிருந்தோ திடீரென்று ஒருவர் லாகின் செய்தால் வங்கியின் கம்ப்யூட்டர் முறைக்கும். அதே ஊரில் ஒரு குடும்பத்தின் வீட்டு இணைப்பிலிருந்து வந்தால் வழிவிடும். போலீஸ் துப்புத் துலக்கிக்கொண்டு போனால் கடைசியில் நிற்பது அந்தக் குடும்பத்தின் வாசலில். வீட்டுக்காரருக்குத் தெரிந்ததெல்லாம், கொஞ்ச நாளாக நெட் மந்தமாக இருக்கிறது என்பது மட்டுமே.

ரவுட்டர்களுக்குள் நுழைந்த வைரஸின் பெயர் ‘தி மூன்’. அது முதலில் கண்ணில் பட்டது 2014-இல். பாஸ்வேர்டே கேட்காமல் நுழையக்கூடியது. பதினோரு வருடம் கழித்தும் அதே ஜாதிப் பெட்டிகளில் அது சௌக்கியமாகக் குடியிருந்தது என்றால், வைரஸின் சாமர்த்தியத்தை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஓட்டையை அடைக்க வேண்டியவர்கள் கடையைக் கட்டிக்கொண்டு போயிருந்தார்கள்.

பெட்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர்

வைஃபை பெட்டியை நாம் டியூப்லைட் மாதிரி ஒரு சாமானாக நினைத்து மாட்டிவிடுகிறோம். உள்ளே இருப்பது முழுக் கம்ப்யூட்டர். பிராசஸர் உண்டு, நினைவகம் உண்டு, பெரும்பாலும் லினக்ஸ் இயங்குதளமும் உண்டு. இதையெல்லாம் இயக்கச் சிப்புக்குள் எழுதி வைத்திருக்கும் மென்பொருளுக்குப் பெயர்தான் ஃபர்ம்வேர். பாத்ரூம் கதவுக்குப் பக்கத்திலோ டிவிக்குப் பின்னாலோ இருபத்துநான்கு மணி நேரமும் விழித்திருக்கும் கம்ப்யூட்டர் அது. வீட்டிலுள்ள மற்றதெல்லாம் அதன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. இணையத்துக்கு நேராக முகம் காட்டி நிற்பது அது ஒன்றுதான்.

செல்போன் வாரம் தவறாமல் அப்டேட் கேட்டு நச்சரிக்கிறது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடியப்போகிறது என்று மைக்ரோசாஃப்ட் பல மாதம் முன்பிருந்தே திரை நிறையத் தகவல் போட்டுச் சொன்னது. எரிச்சலாக இருந்தாலும் சொன்னார்கள். ரவுட்டருக்குத் திரை கிடையாது. நாலு பச்சை விளக்கு எரிகிறது, அவ்வளவுதான். ஆதரவு முடிந்த மறுநாளும் அதே நாலு விளக்கு அதே பச்சையில் எரியும்.

ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் 2020-இல் ஏழு கம்பெனிகளின் 127 வீட்டு ரவுட்டர்களை எடுத்துப் பிரித்து மேய்ந்தது. குறையில்லாத ரவுட்டர் ஒன்றுகூட அகப்படவில்லை. 46 மாடல்களுக்கு முந்தைய ஒரு வருடத்தில் பாதுகாப்புத் திருத்தமே வரவில்லை. பலவற்றில் இருந்த லினக்ஸ் பத்து வருடப் பழசு. குப்பையில் கிடந்த பெட்டிகளைப் பொறுக்கி எடுத்து அவர்கள் இந்தச் சோதனையைச் செய்யவில்லை. அப்போது சந்தையில் இருந்தவற்றைத்தான் பார்த்தார்கள்.

2005-இல் போட்ட மருந்து

புதுப் பெட்டிக்குள் பழைய மென்பொருள் எப்படி வருகிறது என்று கேட்டால், அதற்கு 2014 டிசம்பரில் செக் பாயிண்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ஒரு கண்டுபிடிப்பைச் சொல்ல வேண்டும். ‘மிஸ்ஃபார்ச்சூன் குக்கி’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 189 நாடுகளில் குறைந்தது 1.2 கோடிப் பெட்டிகளில் ஒரே ஓட்டை. டி-லிங்க், டிபி-லிங்க், ஹுவாவே, இசட்.டி.இ., சைக்ஸல் என்று பிராண்டுக்குப் பிராண்டு அட்டை மட்டும் வேறு, உள்ளே அதே ஓட்டை.

காரணம் ராம்பேஜர் என்ற சின்ன மென்பொருள். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைப் பிரௌசரில் திறக்கிறோம் இல்லையா, அந்தப் பக்கத்தைக் காட்டும் வேலை அதனுடையது. அலெக்ரோ என்ற அமெரிக்கக் கம்பெனியின் தயாரிப்பு. தவறு நுழைந்தது 2002-இல். அலெக்ரோ அதைக் கண்டுபிடித்து, திருத்திய பதிப்பைத் தன்னிடம் உரிமம் வாங்கியவர்களுக்கு 2005-இலேயே கொடுத்துவிட்டது. ஆனால் அந்தத் திருத்தம் நம் வீட்டுக்கு வர எத்தனை கை மாற வேண்டும் என்று பாருங்கள். ராம்பேஜரை வாங்கிய சிப் கம்பெனி அதைத் தன் தொகுப்பில் சேர்க்க வேண்டும். அந்தச் சிப்பை வாங்கிப் போர்டு செய்கிற தொழிற்சாலை புதிய தொகுப்பை எடுக்க வேண்டும். பிராண்டுக்காரர் அதைச் சோதித்துத் தன் இணையதளத்தில் போட வேண்டும். இணைய சேவை நிறுவனம் அதைத் தன் வாடிக்கையாளர்களின் பெட்டிகளுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் நாமே தேடிப் பிடித்து ஏற்ற வேண்டும். இந்தச் சங்கிலியில் யாராவது ஒருவர், ஓடுகிற வண்டியைத் தொடுவானேன் என்று இருந்துவிட்டால் போதும். இருந்துவிட்டார்கள். 2005-இல் அடைத்த ஓட்டையோடு 2014-இலும் புதுப் பெட்டிகள் விற்பனைக்கு வந்தன.

இந்த ஒரு சம்பவத்தை வைத்தே சொல்லிவிடலாம், வீட்டுக்காரரின் அசட்டையைக் குறை சொல்வது பாதி உண்மை. அப்டேட் என்று ஒன்று இருந்தால்தானே போட முடியும்?

பிடிபட்ட ரவுட்டர் என்னென்ன செய்யும்

வாடகைக்குப் போகும், அதைப் பார்த்தோம். பிரேசிலில் 2011-இல் ஆரம்பித்து நடந்தது அதைவிடக் கொடுமை. குறிப்பிட்ட ஒரு சிப் பொருத்திய மோடங்களில் இருந்த ஓட்டை வழியாக நுழைந்தவர்கள் உள்ளே ஒரே ஒரு செட்டிங்கை மாற்றினார்கள், டி.என்.எஸ். முகவரியை. இணையதளத்தின் பெயரை நாம் தட்டினால் அதற்குரிய எண்ணைத் தேடிக் கொடுப்பது டி.என்.எஸ். சர்வர். அந்த இடத்தில் திருடன் தன் சர்வரை வைத்துவிட்டால், வங்கியின் பெயரைச் சரியாகத் தட்டினாலும் போய்ச் சேருவது அவன் போட்ட போலிப் பக்கத்தில். கம்ப்யூட்டரில் ஆன்டிவைரஸ் இருந்தாலும் பயனில்லை, தொற்று கம்ப்யூட்டரில் இல்லையே. 45 லட்சம் மோடங்கள் இப்படி மாற்றப்பட்டிருந்தன, நாற்பது போலி சர்வர்கள் பின்னால் வேலை செய்தன என்று காஸ்பர்ஸ்கி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2012-இல் கணக்குச் சொன்னார்கள்.

2018 மே மாதம் வெளியான ‘விபிஎன்ஃபில்டர்’ விவகாரத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 54 நாடுகளில் ஐந்து லட்சம் ரவுட்டர்களுக்குள் புகுந்திருந்த அந்த வைரஸ், தன் எஜமானின் முகவரியை எங்கே போய்த் தெரிந்துகொண்டது தெரியுமா? ஃபோட்டோபக்கெட் என்ற படப் பகிர்வுத் தளத்தில். அங்கே ஒரு சாதாரணப் படம். படம் எடுத்த இடத்தைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களுக்குள் சர்வரின் முகவரியை ஒளித்து வைத்திருந்தார்கள். ஆளில்லாத வீட்டின் சுவரில் துண்டுச்சீட்டு ஒட்டிவிட்டுப் போகிற மாதிரி. இதன் பின்னால் இருந்தது ரஷ்ய உளவு அமைப்போடு தொடர்புடைய குழு என்றது எஃப்.பி.ஐ. உலகத்தில் உள்ள எல்லாரும் வீட்டு ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்று அது விண்ணப்பம் வைத்ததும் அப்போதுதான்.

அடுத்தது சீனாவின் முறை. ‘வோல்ட் டைஃபூன்’ என்று மைக்ரோசாஃப்ட் பெயரிட்ட குழு, அமெரிக்காவின் மின்சாரம், குடிநீர், தகவல்தொடர்பு போன்ற அடிப்படைக் கட்டமைப்புகளுக்குள் கால்பதிக்கப் பார்த்தது. போகிற வழியில் தன் தடத்தை மறைக்க அது பயன்படுத்தியவை சின்னக் கடைகளிலும் வீடுகளிலும் இருந்த பழைய சிஸ்கோ, நெட்கியர் ரவுட்டர்கள். பெரும்பாலும் ஆதரவு முடிந்தவை. 2023 டிசம்பரில் எஃப்.பி.ஐ. கோர்ட்டில் அனுமதி வாங்கிக்கொண்டு, உரிமையாளர்களுக்கே தெரியாமல் நூற்றுக்கணக்கான ரவுட்டர்களுக்குள் தானே நுழைந்து வைரஸை அழித்தது. 2024 ஜனவரி கடைசியில்தான் விஷயத்தை வெளியே சொன்னார்கள். அரசாங்கம் நம் வீட்டுப் பெட்டிக்குள் கைவிட்டுச் சுத்தம் செய்வது சரியா என்ற கேள்வி தனி. சுத்தம் செய்த பிறகும் ஓட்டை அப்படியே இருந்தது என்பதுதான் நம் கதைக்கு முக்கியம். மறுபடி தொற்றாமல் இருக்க எஃப்.பி.ஐ. போட்ட தற்காலிகத் தடுப்பு, வீட்டுக்காரர் ரீபூட் செய்தால் போய்விடும். திருத்தம் எழுத வேண்டிய கம்பெனி அந்த மாடலை என்றைக்கோ கைகழுவிவிட்டதே.

பெங்களூருவில் ஒரு துப்புரவாளர்

இதெல்லாம் அமெரிக்கா, சீனா சண்டை, நமக்கென்ன என்று இருக்க முடியாது. 2017 ஜூலைக் கடைசியில் கர்நாடகத்தில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வைத்திருந்த ஆயிரக்கணக்கானோருக்குத் திடீரென்று நெட் செத்துப்போனது. மோடத்தின் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. வாங்கியபோது இருந்த ‘அட்மின்’ பாஸ்வேர்டை மாற்றாத மோடங்களாகப் பார்த்து ஒரு வைரஸ் அடித்திருந்தது. எல்லாரும் பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று பி.எஸ்.என்.எல். கேட்டுக்கொண்டது.

அடித்தது ‘பிரிக்கர்பாட்’. அது எதையும் திருடாது. பெட்டிக்குள் புகுந்து அதைச் செங்கல்லாக்கிவிட்டுப் போகும். அதை எழுதியவர் தன்னை ஜானிட்டர், அதாவது துப்புரவாளர் என்று சொல்லிக்கொண்டார். 2016 அக்டோபர் 21 அன்று ‘மிராய்’ என்ற வைரஸ் பிடித்து வைத்திருந்த கேமராக்களும் ரவுட்டர்களும் ஒரே நேரத்தில் டைன் என்ற நிறுவனத்தின் சர்வர்களைத் தாக்க, அமெரிக்காவில் ட்விட்டரும் நெட்ஃப்ளிக்ஸும் தடுமாறின. அப்படிப் பாதுகாப்பில்லாத பெட்டிகள் கெட்டவன் கையில் சிக்குவதற்குள் நானே கொன்றுவிடுகிறேன் என்பது இந்தத் துப்புரவாளரின் வாதம். அடாவடிதான். காய்ச்சல் வரும் என்று கழுத்தை அறுப்பதற்குப் பெயர் வைத்தியமா? ஆனாலும் அவர் கைகாட்டிய நோய் நிஜம்.

இதோடு இன்னும் இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2016 நவம்பர் 27, ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியில் டாய்ச் டெலிகாம் வாடிக்கையாளர்கள் ஒன்பது லட்சம் பேரின் ரவுட்டர்கள் நிலைகுலைந்தன. மிராயின் ஒரு வாரிசு, கம்பெனிகள் தொலைவிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கத் திறந்து வைத்திருக்கும் 7547 என்ற வாசலைத் தட்டியது. உள்ளே நுழைய முடியவில்லை, தட்டிய தட்டில் பெட்டிகள் மயங்கி விழுந்தன. டெலிகாம் என்ன செய்தது? தயாரிப்பாளரோடு உட்கார்ந்து உடனே புதிய ஃபர்ம்வேரைத் தயார் செய்தது. ரவுட்டரைப் பிடுங்கி அரை நிமிடம் வைத்திருந்து மறுபடி செருகுங்கள், புதியது தானே ஏறிக்கொள்ளும் என்றது. ஓரிரு நாளில் பெரும்பாலான வீடுகள் பழையபடி.

2023 அக்டோபர் 25 முதல் 27 வரை அமெரிக்காவில் ஒரே சேவை நிறுவனத்தின் ஆறு லட்சம் ரவுட்டர்கள் இதேபோல் விழுந்தன. இம்முறை மூன்றே நாளில் ஃபர்ம்வேரே நாசம். பிளாக் லோட்டஸ் லேப்ஸ் ஆய்வாளர்கள் அடுத்த ஆண்டு மே மாதம் வெளியிட்ட அறிக்கையின்படி, அவற்றை எழுப்பவே முடியவில்லை. பெட்டியை மாற்றித்தான் ஆக வேண்டியிருந்தது. அந்த நிறுவனத்தின் சேவைப் பகுதியில் கணிசமானது கிராமப்புறம். ஆபத்துக்கு போன் போடவும் பண்ணை வேலைகளைக் கவனிக்கவும் இணைப்பை நம்பியிருந்த மக்கள்.

வாங்கும்போதே சொல்லுங்கள்

கம்பெனிகள் தரப்பு நியாயத்தையும் கேட்டுவிடலாம். ஆயிரம் ரூபாய்ப் பெட்டிக்கு ஆயுசு முழுக்க இன்ஜினீயர் வைத்துத் திருத்தம் எழுத முடியுமா? முடியாதுதான். ஆதரவு என்றைக்காவது முடியத்தான் வேண்டும். அந்த நாளை வாங்கும்போதே சொல்ல வேண்டும் என்பதுதான் என் வழக்கு. பத்து ரூபாய் மாத்திரை அட்டையில் காலாவதி தேதி அச்சிடுகிறார்கள். ரவுட்டர் அட்டைப் பெட்டியில் வைஃபை வேகம் பெரிய எழுத்தில் இருக்கிறது, வாரண்டி இருக்கிறது, ஆன்டெனா எத்தனை என்று படம் போட்டிருக்கிறது. திருத்தம் எந்த வருடம் வரை வரும் என்று அச்சிட்ட பெட்டி இதுவரை என் கண்ணில் பட்டதில்லை.

2025 பிப்ரவரியில் சைக்ஸல் நிறுவனத்தின் பழைய மாடல்களில் ஓட்டை இருப்பதும் அதன் வழியே தாக்குதல் நடப்பதும் வெளியானபோது, இவை ஆதரவு முடிந்தவை, திருத்தம் தரமாட்டோம், புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. அவற்றில் சில மாடல்கள் அப்போதும் அமேசானில் விற்பனைக்குக் கிடந்தன. அதே வருடம் ஜூன் மாதம், அமெரிக்க சைபர் பாதுகாப்பு அமைப்பான சிஸா, ‘தாக்குதலில் பயன்படுத்தப்படும் ஓட்டைகள்’ பட்டியலில் டிபி-லிங்க் டபிள்யூ.ஆர்.841என், 740என், 940என் மாடல்களின் சில பழைய பதிப்புகளில் உள்ள ஓட்டையைச் சேர்த்தது. நம் ஊர்க் கம்ப்யூட்டர் கடைகளில் வருடக்கணக்கில் ஓடிய வெள்ளைப் பெட்டிகள் இவை. டியூஷன் சென்டரிலும் ஜெராக்ஸ் கடையிலும் இன்னும் எரிந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

பிரிட்டன் முந்திக்கொண்டது. 2024 ஏப்ரல் 29 முதல் அங்கே விற்கும் இணையச் சாதனங்களுக்கு ‘அட்மின்’ போன்ற பொதுப் பாஸ்வேர்டு வைக்கக் கூடாது. குறைந்தது எத்தனை காலம் பாதுகாப்புத் திருத்தம் வரும் என்பதையும் அறிவித்தாக வேண்டும். ஐரோப்பிய யூனியனின் சைபர் சட்டம் 2027 டிசம்பரில் முழுதாக அமலுக்கு வரும்போது, பொதுவாக ஐந்து வருடமாவது ஆதரவு தர வேண்டியிருக்கும். இந்தியாவில் சைபர் ஸ்வச்சதா கேந்திரா என்று 2017-இல் ஆரம்பித்த அரசு மையம் ஒன்று இருக்கிறது. வைரஸ் நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருகிறது. நல்ல காரியம். ஆனால் அது தொற்றிய பிறகு செய்யும் வேலை.

சரி, வீட்டில் என்ன செய்வது? பெட்டியைத் திருப்பினால் அடியில் ஸ்டிக்கர் இருக்கும். மாடல் பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் வெர்ஷன் எண்ணும் இருக்கும். அதைத் தவறவிடாதீர்கள். ஒரே பெயரில் விற்ற 841என்-இல் பத்துப் பன்னிரண்டு வெர்ஷன்கள் வந்திருக்கின்றன, ஒன்றின் ஃபர்ம்வேர் இன்னொன்றுக்குப் பொருந்தாது. மாற்றிப் போட்டால் பெட்டி படுத்துவிடும். பிறகு பிரௌசரில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று ஸ்டிக்கரில் உள்ள முகவரியைத் தட்டி ஸ்டேட்டஸ் பக்கத்துக்குப் போங்கள். டிபி-லிங்க்கின் பழைய மாடல்களில் ஃபர்ம்வேர் வரியில் ‘பில்டு’ என்ற சொல்லை ஒட்டி ஆறு இலக்கம் இருக்கும். 150310 என்றிருந்தால் அது 2015 மார்ச் 10-இல் தயாரானது. அந்தத் தேதியைப் பார்த்துவிட்டுக் கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் வெர்ஷனுக்குப் புதியது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் ஏற்றிவிடுங்கள். ஏற்றும்போது கரண்ட் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிடுங்கள். வைஃபை பாஸ்வேர்டு வேறு, இந்தப் பக்கத்தில் நுழையும் பாஸ்வேர்டு வேறு. இரண்டாவதைத்தான் யாரும் மாற்றுவதில்லை.

புதிய ஃபர்ம்வேர் இல்லை, மாடலே ஆதரவு முடிந்த பட்டியலில் என்றால், கைவேலை தெரிந்தவர்களுக்கு ஓபன்டபிள்யூ.ஆர்.டி. என்று ஒரு வழி உண்டு. லிங்க்சிஸின் பிரபலமான டபிள்யூ.ஆர்.டி.54ஜி ரவுட்டரில் லினக்ஸ் இருப்பது 2003-இல் தெரியவர, உரிம விதிப்படி கம்பெனி மூல நிரலை வெளியிட வேண்டியதாயிற்று. அதிலிருந்து தன்னார்வலர்கள் 2004-இல் தொடங்கிய இலவச ஃபர்ம்வேர் இது. கம்பெனி கைவிட்ட எத்தனையோ பெட்டிகளுக்கு உயிர் கொடுத்திருக்கிறது. ஆனால் வெறும் 4 எம்.பி. சேமிப்பு உள்ள மலிவுப் பெட்டிகளில் இதன் புதிய பதிப்புகளும் அடங்குவதில்லை. அவற்றை மின்கழிவில் போட்டுவிடுவதே உத்தமம். யாருக்கும் தானம் கொடுக்காதீர்கள், ஓட்டையும் சேர்ந்து போகும்.

நம் ஊரில் பல வீடுகளில் பெட்டி வீட்டுக்காரருடையதே இல்லை. கேபிள் ஆபரேட்டரோ ஃபைபர் கம்பெனியோ கொண்டுவந்து மாட்டியது. அட்மின் பாஸ்வேர்டும் அவர்களிடம்தான். லைன்மேன் வந்தால் அவர் போனிலிருந்து எதையோ தட்டிச் சரிசெய்துவிட்டுப் போவார். அப்படியானால் ஃபர்ம்வேரும் அவர்கள் பொறுப்பு. டாய்ச் டெலிகாம் செய்ததுபோல் அங்கிருந்தே எல்லாப் பெட்டிக்கும் அனுப்பும் வசதி அவர்களிடம் இருக்கிறது. அடுத்த மாதப் பணம் கட்டும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த மாடலுக்கு எந்த வருடம் வரை அப்டேட் வரும்? பதில் தெரியவில்லை என்றாலோ, வருடம் கடந்துவிட்டது என்றாலோ, பெட்டியை மாற்றித் தரச் சொல்லுங்கள். செலவு அவர்களுடையது.